கீழே பார்த்தவள்

மார்ச் 3

சுண்டுவின் அப்பாவுக்கு,

நீங்கள் போன் செய்தபோதெல்லாம் அக்கா எடுத்து, "குளிக்கறா", "கடைக்குப் போயிருக்கா", "இப்பதான் கண்ணசந்தா" என்று சொன்னது அத்தனையும் பொய். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மேல் இருக்கிற கோபத்துக்கு அக்காவைப் பொய் சொல்ல வைப்பது எனக்கே உறுத்துகிறது. அதனால் எழுதுகிறேன். போனில் உங்கள் குரல் வந்தால் அந்த ஒரு வாக்கியம்தான் என் காதில் விழும். கடிதத்தில் குரல் இல்லை, அந்த மட்டும் நிம்மதி.

எந்த வாக்கியம் என்று தெரியாத மாதிரி பதில் எழுதிவிடாதீர்கள். வார்டில் அந்தப் பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் நான் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தேன். உள்ளே சுண்டு ஏதோ கேட்டாள். நீங்கள் சொன்னீர்கள்: "அப்படி ஒரு படகே கிடையாதும்மா. அது கதை."

ஒன்பது வயசுப் பிள்ளை. இரண்டு கையிலும் ஊசி. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் நம் இருவரையும் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்ட பிறகு. அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்தப் படகு ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள்.

அந்தக் கதை உங்கள் ஞாபகத்தில் எந்தக் கோலத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. நம் வழிபாட்டுப் புத்தகத்தில் இருப்பது இது. ஊரை எரித்துக்கொண்டு படை வருகிறது. ஜனங்கள் ஆற்றங்கரைக்கு ஓடுகிறார்கள். அங்கே தோணிக்காரரிடம் இருப்பது அடிப்பலகை உளுத்துக் கொட்டிப்போன ஒரே ஒரு படகு. "என் முகத்தைப் பார்த்து உட்காருங்கள்" என்கிறார். உட்கார்ந்தவர்கள் பாதம்கூட நனையாமல் அக்கரை சேர்கிறார்கள். நம்பிக்கை இல்லாமல் கீழே பார்த்தவன் ஒருவன் மட்டும் மூழ்கினான். இதை நான் வழிபாட்டுக் கூடத்தில் வாரா வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். நடந்தது என்று நம்பித்தான் சொன்னேன், இன்னும் நம்புகிறேன்.

நீங்கள் அப்படிச் சொன்ன நாளிலிருந்து சுண்டு என்னை அந்தக் கதையை முடிக்கவே விடவில்லை. "படகு சொல்லும்மா" என்று கேட்பாள். பாதி ஆறு தாண்டியதும், "போதும்மா, அந்த ஆள் வேண்டாம்" என்று கண்ணை மூடிக்கொள்வாள். அக்கரை என்று ஒன்று இருக்கிறது என்ற எண்ணமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. அது உங்கள் கைங்கரியம்.

அந்தக் கடைசிக் காலை அவளோடு இருந்ததும் நீங்கள்தான். நான் அவளுக்காக வேண்டிக்கொள்ளக் கூடத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, "தூங்கற மாதிரியே போயிட்டா" என்றீர்கள். அதற்கு மேல் இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. படகையும் பிடுங்கிக்கொண்ட பிறகு என் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு போனாள்?

இதற்குப் பதில் சொல்லுங்கள். வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்ற கேள்வியெல்லாம் அப்புறம்.

சுண்டுவின் அம்மா


மார்ச் 11

என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. வெங்காயம் உரித்தது வரைக்கும் எழுதியிருக்கிறாய். உன் அக்கா பொய் சொல்கிறாள் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். "குளிக்கறா" என்று மத்தியானம் மூன்று மணிக்குச் சொன்னாள். நீ விடிவதற்குள் குளிக்கிறவள்.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. ஊரார் படகுக்கெல்லாம் ஒழுக்குப் பார்க்கிறவன் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று மாடி வீட்டுக்காரர் தினமும் சொல்லிச் சிரிக்கிறார். சரிசெய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. வீட்டில் ஏதோ ஒரு சத்தம் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. படகுக்குள் தண்ணீர் நிரப்புவது, அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது, சொட்டுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவது, தண்ணீரை வடித்துவிட்டு அங்கே விரிசல் தேடுவது. நாளெல்லாம் படகுக்கு அடியில்தான் குடித்தனம். நீல வரி போட்ட சின்னப் படகு ஒன்று மட்டும் இன்னும் தேறவில்லை. முதலாளி கத்துகிறார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் அதைப் பொய் என்று சொல்லவில்லை. கதை என்றேன். இரண்டும் ஒன்றா? பள்ளிக்கூடத்தில் உருவகம் என்று படித்தோமே. முகத்தை நிலா என்றால் யாராவது ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறார்களா? அடியில்லாத படகு ஒரு நாள் ஓர் ஆற்றில் மிதந்ததா என்று கேட்டால், படகை அறிந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரே பதில்தான். மிதக்காது. ஆனால் காலுக்கடியில் ஒன்றுமே இல்லாதபோதும் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கரை சேர்ந்திருக்கிறார்கள், அதைத்தான் அந்தக் கதை சொல்கிறது. அதனால்தான் கூடத்துக்கு நானும் உன்னோடு வந்துகொண்டிருந்தேன். உன் கட்டாயத்துக்காக வந்தேன் என்றா நினைத்தாய்?

கடைசிக் காலையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். தூங்குகிற மாதிரியேதான் போனாள். அதில் பொய் இல்லை. மேலே கேட்காதே.

உன் வகுப்புப் பிள்ளைகள் டீச்சர் எப்போது வருவார்கள் என்று என்னை வழிமறித்துக் கேட்கிறார்கள். நான் மென்று விழுங்குகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 19

சுண்டுவின் அப்பாவுக்கு,

உருவகமாம்! நல்லாத்தான் படித்திருக்கிறீர்கள். உருவகத்தின் மடியில் தலை வைத்துப் படுக்க முடியுமா? சாகப்போகிற பிள்ளையிடம் போய், "அம்மா சொல்றது நிலா மாதிரி, ஏணி வைக்காதே" என்று சொல்வீர்களா? உங்கள் விளக்கம் எல்லாம் ஈஸி சேரில் சாய்ந்திருக்கிறவனுக்குச் சரி. ஆற்றங்கரையில் நிற்கிறவளுக்குப் படகு வேண்டும். மிதக்கிற படகு.

அந்தக் கதை நடக்கவில்லை என்றால், யாரும் எந்த ஆற்றையும் தாண்டவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படியானால் சுண்டுவும் தாண்டவில்லை. இதை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா? நான் இங்கே ராப்பகலாக இதைத்தான் யோசிக்கிறேன். நீங்கள் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டு இருங்கள்.

நான் சும்மா இருக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்காருகிறேன். ஃபிரேம் மாட்டிப் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியில் தங்களையே முறைத்துப் பார்க்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போகிறது. இந்த ஊர்க் கூடத்திலும் பிள்ளைகள் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் படகுக் கதையை முழுதாகச் சொன்னேன். மூழ்கினவன் வரைக்கும். நடுவில் நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

இன்னொன்று. உங்கள் பட்டறைப் பெயிண்டரின் மனைவி நேற்று அக்காவிடம் போனில் பேசினாள். அந்த நீல வரிப் படகில் ஒரு பொட்டு ஒழுக்கு கிடையாதாம். பெயிண்டரே தண்ணீர் விட்டுப் பார்த்தாராம். நீங்கள்தான் வாரா வாரம் "ஒழுகுகிறது" என்று சீட்டு எழுதி ஒட்டுகிறீர்களாம். எதற்கு? படுத்த படுக்கையாகக் கிடந்த பிள்ளைக்கு ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒரு படகுக்காக வாரம் தவறாமல் பொய் எழுதக் கை வருகிறதா? இருபது வருஷம் உங்களோடு குடித்தனம் செய்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பூசி மெழுகாமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுதாதீர்கள்.

சுண்டுவின் அம்மா


ஏப்ரல் 2

என் வீட்டுக்காரிக்கு,

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து இதோடு வந்து நிற்கிறேன். இதை உனக்குச் சொல்லவே கூடாது என்று இருந்தேன். பொய் எழுதுகிறேன் என்று நீ சொன்னது சுருக்கென்று தைத்தது. சரி, கேள்.

அவளுக்குக் காய்ச்சல் வருவதற்குக் கொஞ்ச நாள் முந்தி, பள்ளிக்கூடம் லீவு என்று பட்டறைக்குக் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? சட்டையெல்லாம் தூசியோடு வந்தாள் என்று எங்கள் இருவரையும் வாசலிலேயே நிறுத்தித் திட்டினாய். அன்றைக்கு அவளை நீல வரிப் படகில்தான் உட்கார வைத்தேன். படகு ஸ்டாண்டின் மேல் இருந்தது. துடுப்பு என்று ஒரு துடைப்பத்தை வைத்துக்கொண்டு வலித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல என் வேலையில் இருந்தேன்.

எந்தப் படகுக்கும் பின்பக்கம் அடியில் ஓர் ஓட்டை விட்டிருப்போம். உள்ளே தேங்குகிற தண்ணீரை வடிய விடுவதற்கு. கட்டைவிரல் நுழைகிற அளவு இருக்கும். தண்ணீர் நிரப்பும்போது துணியால் அடைப்போம், கடைசியில்தான் அதற்கு அடைப்பான் போடுவோம். சுண்டு அதில் கண்ணை வைத்துக் கீழே பார்த்திருக்கிறாள்.

நீ திரைக்கு அந்தப் பக்கம் நின்ற அந்தச் சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டது இது: "அப்பா, நான் அன்னிக்குப் படகுல கீழ பாத்துட்டேன். அதனாலதான எனக்கு இப்படி ஆச்சு?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவளே சொன்னாள். கீழே பார்த்தவன் மூழ்கினான் என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். அவள் பார்த்துவிட்டாள். உள்ளே இருட்டு, கறுப்பாக ஏதோ அசைந்தது, பயந்துபோய்க் கண்ணை எடுத்துவிட்டாளாம். அடுத்த வாரமே காய்ச்சல். அப்போதிலிருந்து யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "இனிமே தோணிக்காரர் என்னை ஏத்திக்க மாட்டாருல்ல?" என்று கேட்டாள்.

அது நிழலாக இருக்கும் என்றேன். கேட்கவில்லை. வேறு என்ன சொல்லியிருப்பேன், நீயே சொல். "அப்படி ஒரு படகே கிடையாதும்மா. அது கதை" என்றேன். நீ கேட்டது அவ்வளவுதான். ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு நீ போன சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் நாங்கள் பேசியது உனக்குத் தெரியாது. "கதைன்னா யாரு சொன்னா?" என்றாள். பயந்து கிடந்த ஜனங்களுக்கு, நான் இருக்கிறேன், என் முகத்தைப் பார் என்று யாரோ ஒருவர் சொன்னார், அதைத்தான் படகு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றேன். அப்படியானால் அந்த மூழ்கினவன் ஏன் மூழ்கினான் என்று கேட்டாள். அவளே பதிலும் சொன்னாள்: "அந்த ஆளோட செருப்பு விழுந்துருக்கும்ப்பா. அதான் கீழ பாத்துருக்கான். தோணிக்காரர் நல்லா ஒரு திட்டு திட்டிட்டு அவனையும் தூக்கிட்டுத்தான் போயிருப்பாரு."

சிரித்தாள். அன்றைக்குத்தான் பல நாளுக்கப்புறம் அயர்ந்து தூங்கினாள்.

அவளிடமிருந்து நான் எதையும் பிடுங்கவில்லை. பிள்ளையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த ஒன்றை எடுத்தேன். அது உன் கையிலிருந்து போனது என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பது அதைவிடத் தேவலை என்று இருந்துவிட்டேன்.

படகை ஏன் விடவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும். அந்த ஓட்டையில் அவள் கண் பட்டிருக்கிறது.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 16

கடிதம் கிடைத்தது.

கூடத்தில் இனி வகுப்பு எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

எத்தனை முறை சொல்லியிருப்பேன் அவளுக்கு, கீழே பார்த்தவன் மூழ்கினான், கீழே பார்த்தவன் மூழ்கினான் என்று. விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

என் பிள்ளையை நானே பயமுறுத்திப் படுக்க வைத்திருக்கிறேன். அதன் பிறகும் ஒவ்வொரு சாயங்காலமும் அதையே சொல்லியிருக்கிறேன். வாயைப் பொத்த முடியாமல் அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம். நான்தான் கேட்டேன், தெரியும். இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 20

என் தங்கமே,

எழுதாதே என்றால் நான் கேட்கிறவனா? பாதியில் நிறுத்திவிட்டேன், தப்பு என்னுடையது. மிச்சத்தையும் கேள்.

அந்தச் சாயங்காலத்துக்கு அப்புறமும் "படகு சொல்லும்மா" என்று உன்னிடம் கேட்டது யார்? அவள்தானே? பயந்தவள் கேட்பாளா? எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு நாள் நீ மருந்து வாங்கப் போனபோது, "உனக்குத்தான் அது கதைன்னு தெரியுமே, அப்புறம் எதுக்கு தினமும் கேக்கறே?" என்றேன். அவள் என்னை ஒரு மக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "கதை சொல்றப்ப அம்மா என் காலைத் தடவிட்டே இருப்பாங்க. முடிஞ்சதும் கையை எடுத்துருவாங்க. அதான் முடிக்க விடமாட்டேன்" என்றாள்.

இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் பயந்த கதையும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன். நான் ஒரு மடையன்.

எதைப் பிடித்துக்கொண்டு போனாள் என்று கேட்டாயே. உன் கையைத்தான். நான் படகு இல்லை என்று சொன்ன பிறகும் அவள் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். நீ தோணிக்காரர் மாதிரி எதிரே இருந்தாய். இதற்கு மேல் உருவகம் என்று சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய், சொல்லவில்லை.

கடைசிக் காலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிறந்த அன்றிலிருந்து பிடித்துப் பழகின என் சுண்டுவிரலைத்தான் பிடித்திருந்தாள், அதனால்தானே அந்தப் பேரே வந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலை மெதுவாக ஒரு இழு இழுத்தாள். "நீ கீழ பாக்காதப்பா" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் தூங்கினாள்.

எனக்கு அன்றிலிருந்து தலை நிமிரவில்லை. அவள் சொன்ன ஒரே ஒரு பேச்சு, அதைக்கூடக் கேட்க முடியாமல் இருக்கிறேன்.

முதலாளி தானே தண்ணீர் நிரப்பிப் பார்த்துவிட்டார். வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் படுத்துக்கோ என்று மட்டும் சொன்னார். படகை வாங்க ஆள் வந்தாயிற்று, மே மாதம் ஏழாம் தேதி எடுத்துப்போகிறார்கள். அதற்கு முந்தி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறாயா? வீட்டுக்கு வர வேண்டாம், பட்டறைக்கு மட்டும் வா.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 30

சுண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டேன். அத்தான் பயந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். வாடிக்கையாளர் யாரும் அன்றைக்கு ஃபிரேம் பார்க்கவில்லை.

போன வாரம் கூடத்துக்குப் போனேன். வகுப்பு எடுக்க இல்லை, என் குடையை விட்டுவந்திருந்தேன். உள்ளே பிள்ளைகள் சும்மா இரைந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பதிலாக யாரும் வரவில்லையாம். ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி, ஏழு வயசு இருக்கும், நான்தான் கடையில் அவளுக்கு ஃபிரேம் மாட்டிவிட்டேன், அந்த உரிமையில் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். "டீச்சர், படகு நெஜமா நடந்துச்சா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுகூட ஆகாது. அன்றைக்கு, "எனக்குத் தெரியலம்மா" என்றேன். சொன்னதும் அடிப்பலகை போன மாதிரிதான் இருந்தது. அந்தப் பிள்ளை ஒன்றும் அதிர்ந்துபோகவில்லை. "சரி, சொல்லுங்க" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

சொன்னேன். கீழே பார்த்தவனிடம் வந்ததும் ஆட்டத் தூக்கின விரலை மடக்கிக்கொண்டேன். அப்புறம் செருப்பு விழுந்ததைச் சொன்னேன். திட்டையும் சொன்னேன், நம் சுண்டு என்னென்ன திட்டுவாளோ அத்தனையும். எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. பின்னால் நின்று கேட்ட கூடத் தலைவர், "இது நம்ம புத்தகத்துல இல்லையே" என்றார். "இல்லைங்க" என்றேன். அவரும் நல்ல மனிதர், குடையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

உங்கள் பக்கம் நான் சாய்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அக்கரை இல்லை என்று என் வாயால் வராது. அவளை நான் அங்கேதான் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு வருகிறேன். பட்டறைக்கு மட்டும்தான். சாயங்காலமே திரும்பிவிடுவேன்.

சுண்டுவின் அம்மா


மே 8

என் வீட்டுக்காரிக்கு,

படகு நேற்றுப் போய்விட்டது. "ஒழுக்கு இல்லை" என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடைப்பானை நானே திருகினேன். லாரி தெரு முனை திரும்புகிற வரைக்கும் பெயிண்டர் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இளைத்துப்போய்விட்டாய். ஸ்டூல் போட்டு உன்னைப் படகுக்குள் ஏற்றிவிட்டு, நீ தனியாகக் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நான் அடியில் போய்ப் படுத்தேன். கடைசியாக ஒரு முறை பார்ப்போமே என்று. வேலைத் தொப்பியும் தூசி முகமூடியும் போட்டுக்கொண்டு, சாக்பீஸோடு, ஒழுகாத படகில் ஒழுக்குத் தேடிக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

நீ இறங்கி வந்தபோது உன் முகம் வேறு மாதிரி இருந்தது. அழுகை இல்லை. என்னவென்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாய். பஸ் நிலையத்தில் மறுபடியும் கேட்டேன். என்னையே பார்த்தாய், ஏதோ சொல்ல வாயெடுத்தாய், "பஸ் வந்துருச்சுங்க" என்றாய். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

அந்த ஓட்டையில் பார்த்தாய், இல்லையா? என்ன தெரிந்தது? நீ என்னிடம் கேட்டபோது நான் நாள் கடத்தினேன். நீயும் அப்படிச் செய்யாதே.

உன் வீட்டுக்காரன்


மே 14

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பஸ் நிலையத்தில் நான் மறைத்த காரணமும், என்னிடமிருந்து மாசக்கணக்கில் நீங்கள் மறைத்த காரணமும் ஒன்றேதான். கேட்டால் உங்களுக்கு வலிக்கும். எனக்கு உங்கள் அளவு வைராக்கியம் கிடையாது, ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. அதுவுமில்லாமல் இதில் வலி மட்டும் இல்லை. நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

பார்த்தேன். சுண்டு உட்கார்ந்த இடம் எது என்று எனக்கே தெரிந்துவிட்டது, துடைப்பத்தால் இழுத்த கீறல் இன்னும் அங்கே இருந்தது. குப்புறப் படுத்து ஓட்டையில் கண்ணை வைத்தேன். முதலில் இருட்டுதான். அப்புறம் கறுப்பாக ஏதோ அசைந்தது. தெரிந்து பார்த்த எனக்கே நெஞ்சு திக்கென்றது, அந்தப் பிஞ்சுக்கு எப்படி இருந்திருக்கும்? கண்ணை எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இருட்டு பழகியது. அந்தக் கறுப்பு உங்கள் தொப்பி. அதற்குக் கீழே முகமூடி. நடுவில் தூசியில் சிவந்த இரண்டு கண்கள், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகராமல், எங்கேயாவது விரிசல் தெரிகிறதா என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றைக்கும் நீங்கள் உங்கள் வேலையில்தான் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் வேலை எங்கே என்று எனக்குத் தெரியாதா?

அவள் பயந்தது உங்களைப் பார்த்துத்தான். நான் உங்களிடம் சொல்ல முடியாமல் விழுங்கினது இதைத்தான். ஆனால் உங்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? இன்னும் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் அவளும் கண்டுபிடித்திருப்பாள். "அப்பா!" என்று கத்தியிருப்பாள். துடைப்பத்தால் ஓட்டை வழியாக உங்களை ஒரு குத்துக்கூடக் குத்தியிருப்பாள். கீழே பார்க்கக் கூடாது என்று நான் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்திருந்ததால், பிள்ளை சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

நான் சனிக்கிழமை வருகிறேன். பெட்டியோடுதான். குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கி வையுங்கள், எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. அக்கரை உண்டா, கதை நடந்ததா என்று நாம் சண்டை போட்டுக்கொள்ளலாம், இனி நமக்கு வேறு என்ன வேலை இருக்கிறது. எனக்கு இப்போது தாங்காமல் இருப்பது அதெல்லாம் இல்லை.

கீழே இருந்தது அப்பாதான் என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை.

சுண்டுவின் அம்மா